மழைக்காலத்தில் குளியலறைக்குள் பெரிய பூரான்: கைக்குழந்தை உள்ள வீட்டில் என்ன செய்வது?

கேள்வி: கொருக்குப்பேட்டை மருமகள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கொருக்குப்பேட்டையில், பக்கிங்காம் கால்வாய்க்குச் சற்றுத் தள்ளி, பழைய தரைத்தள வீடு ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய சாலையைப் போட்டுப் போட்டு, எங்கள் வாசற்படி இப்போது தெரு மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. அதனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சில நாள் விடாமல் பெய்தாலே குளியலறைத் தரை காய்வதில்லை. சுவரின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிவிடுகிறது.

தண்ணீர் போகும் ஓட்டை வழியாக மெல்லிய சிறு பூரான்கள் வருவது எங்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் சென்ற வாரம் இரவில் விளக்கைப் போட்டபோது சுவரோரமாக ஓடியது அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழ முக்கால் சாண் நீளம், செம்பழுப்பு உடல், மஞ்சள் கால்கள். என் கணவர் துடைப்பக்கட்டையால் அடித்ததில் இரண்டு துண்டானது. தலைப்பக்கத் துண்டு அதற்குப் பிறகும் ஓடியது. அடுத்த நாள் அடுக்களையில் அரிசி டப்பாவின் பின்னால் உள்ளங்கை அகல எட்டுக்கால் பூச்சி ஒன்று, வயிற்றின் அடியில் வெள்ளை வட்டமாக எதையோ சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தையும் நான்கு வயது மகளும் இருக்கிறார்கள். மாமியார் கட்டிலில் படுத்துக்கொள்கிறார். நாங்கள் நால்வரும் தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறோம். பூச்சிமருந்து அடிப்பவரை அழைக்கலாம் என்று வீட்டு உரிமையாளர் சொல்கிறார். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஓட்டையில் ஊற்றினால் எல்லாம் செத்துவிடும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். கடித்தால் உடனே கருப்பட்டி தின்னக் கொடுத்துவிட்டால் விஷம் முறிந்துவிடும் என்பது மாமியாரின் நம்பிக்கை. இந்தப் பூரானால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து உண்டா, இவற்றில் எந்த யோசனையை ஏற்கலாம் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.


பதில்: இரவுப்பணிச் செவிலி

சகோதரி, குழந்தைகள் படுக்கும் இடத்தை இன்றிரவே மாற்றிவிடுங்கள். மற்ற வேலைகளை ஆற அமரச் செய்துகொள்ளலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் நான் பார்த்த பூரான் கடிகளில் பெரும்பாலானவை தரையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, விடியற்காலைக்கு முன்பாக, கையிலோ காலிலோ கழுத்திலோ ஏற்பட்டவை. தூக்கத்தில் புரளும்போது உடலின் அடியில் பூரான் அகப்பட்டுக்கொள்கிறது. நசுங்கும் நேரத்தில் கடிக்கிறது. பெரிய மகளைப் பாட்டியோடு கட்டிலில் படுக்க வையுங்கள். கட்டில் சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். போர்வையோ கொசுவலையோ தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கக் கூடாது, ஏனென்றால் பூரான் துணியைப் பிடித்து எளிதாக ஏறிவிடும். கைக்குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தால், படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் துணியை முழுவதும் விரித்து உதறிப் பார்த்துவிட்டு, பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் கிடத்துங்கள். தரையை விட்டால் வேறு வழியே இல்லை என்றால், பெரிய கொசுவலையைக் கட்டி அதன் ஓரங்களைச் சுற்றிலும் பாயின் அடியில் இடைவெளி இல்லாமல் செருகிவிட வேண்டும்.

நீங்கள் விவரிப்பது பெரிய வகைப் பூரான். அது வாலால் கொட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பின்னால் நீண்டிருக்கும் கடைசிக் கால்கள் பார்ப்பதற்குக் கொடுக்குப்போல இருந்தாலும் விஷம் அங்கே இல்லை. தலைக்கு அடுத்த முதல் இணைக் கால்களே விஷக் கொடுக்குகளாக மாறியிருக்கின்றன. அதனால்தான் கடிபட்ட இடத்தில் இரண்டு புள்ளிகள் அருகருகே தெரியும். அடித்துத் துண்டான பிறகும் தலைப்பக்கத்தைக் கையால் எடுக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். முறத்தில் தள்ளி அப்புறப்படுத்துங்கள்.

உயிருக்கு ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். பூரான் கடியால் மரணம் ஏற்படுவது மிக மிக அரிது. ஆனால் வலி கடுமையானது. பெரியவர்களே துடித்துப் போவார்கள். வீக்கமும் சிவப்பும் எரிச்சலும் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை நீடிக்கலாம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். மோதிரம், வளையல், காப்பு, கொலுசு ஆகியவற்றை வீக்கம் ஏறும் முன்பே கழற்றிவிடுங்கள். பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அந்தக் கையையோ காலையோ கால்மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் பலருக்கு வலி நன்றாகக் குறைகிறது. குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் சூட்டை முதலில் உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் வெந்நீரை விட்டுவிட்டு, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றி எடுங்கள். கயிறு கட்டுவதும், பிளேடால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், சுண்ணாம்பு தடவுவதும் புண்ணைப் பெரிதாக்குமே தவிர விஷத்தை எடுக்காது. டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாமியார் சொல்லும் கருப்பட்டியைப் பெரியவர்கள் தின்பதால் தீங்கொன்றும் இல்லை. அது விஷத்தை முறிக்கும் என்று நம்பிக் காத்திருப்பதுதான் தீங்கு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை எது கடித்தாலும், கடித்தது எது என்று தெரியாவிட்டாலும், வீட்டு வைத்தியம் எதையும் பார்க்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். யாருக்காக இருந்தாலும் முகமோ உதடோ வீங்கினால், உடல் முழுவதும் தடிப்பு எழும்பினால், மூச்சு இழுத்தால், மயக்கம் வந்தால், 108க்கு அழைப்பதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நம் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இரவும் பகலும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காதுக்குள் பூச்சி போய்விட்டது என்று ஊக்கையும் பட்ஸையும் விட்டுக் குடைந்து, செவிப்பறையில் காயத்தோடு வருபவர்களை மழைக்காலத்தில் பார்க்கிறோம். காதில் ஏற்கெனவே சீழோ ஓட்டையோ இல்லாதவராக இருந்தால், தலையைச் சாய்த்துச் சில சொட்டு தேங்காயெண்ணெய் விட்டால் உள்ளே போனது அசைவற்றுவிடும். வெளியே எடுக்கும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.


பதில்: கட்டட மேற்பார்வையாளர், பெரம்பூர்

அம்மா, ஒரு எச்சரிக்கையை முதலில் எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சிறிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கிவிடும்; பூரானை விடக் குழந்தைக்குப் பல மடங்கு கேடு அதனால்தான். இன்றைக்கு ஒன்றை ஊற்றி நாளைக்கு மற்றொன்றை ஊற்றினாலும், குழாய் வளைவில் தேங்கி நிற்கும் மிச்சத்தோடு கலக்க வாய்ப்பு உண்டு.

இனி, பூரான் ஏன் உங்கள் குளியலறையைத் தேடி வருகிறது என்று பார்ப்போம். அதன் உடலுக்கு ஈரத்தை அடக்கி வைத்துக்கொள்ளும் திறன் குறைவு. காய்ந்த இடத்தில் நெடுநேரம் இருந்தால் செத்துவிடும் என்பதால் பகலில் ஓதத்திலும் கல்லிடுக்கிலும் ஒண்டிக்கிடந்து, இரவில் இரை தேடக் கிளம்புகிறது. நம் வீடுகளில் அதற்குக் கிடைக்கும் முதன்மையான இரை கரப்பான். சேம்பருக்குள் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடிய தொட்டி) கரப்பான் கூட்டம், வெளியே மழைநீர் நிறைந்து மண் பொந்துகள் மூழ்கிய நிலை, உள்ளே ஓதம் ஏறிய சுவர், மூன்றும் சேர்ந்தால் பூரான் வீட்டுக்குள் வராமல் இருந்தால்தான் வியப்பு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை என்று தாழ்வான பகுதிகளில் பழுது பார்க்கப் போகும் வீடுகளில் எல்லாம் இதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு இந்தத் தொல்லை மிகுதியாக இருந்தது.

பூச்சிமருந்து அடிப்பதை நான் முதல் வேலையாகச் சொல்ல மாட்டேன். சேம்பருக்குள் மருந்தடித்த அன்று மாலை, உள்ளே இருந்த கரப்பான்களும் அவற்றைத் தின்ன வந்தவையும் தப்பிக்க வழி தேடி வீட்டுக்குள்தான் ஏறும். மருந்து படிந்த தரையில் எட்டு மாதக் குழந்தை தவழ்ந்து, அந்தக் கையை வாயில் வைக்கும். முதலில் வழியை அடையுங்கள். மருந்து தேவையா என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.

குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் இடத்தில் நானி டிராப் என்று ஒன்று இருக்க வேண்டும். அதன் வளைவில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். கழிவுநீர்க் குழாயின் நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பழைய வீடுகளில் பெரும்பாலும் டிராப் வைக்காமல் நேரே குழாயைப் புதைத்து, மேலே ஒரு ஜாலியை மட்டும் போட்டிருப்பார்கள். ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் பளபளவென்று தெரிந்தால் டிராப் இருக்கிறது. இருட்டாகக் குழாய் மட்டும் போனால் இல்லை. டிராப் இருந்தும் அதிகம் புழங்காத குளியலறை என்றால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய் வழி திறந்துவிடும். சில நாளுக்கு ஒரு முறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலே போதும். டிராப் இல்லையென்றால் வைத்துக் கொடுப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. ஒரு கொத்தனாரும் ஒரு பிளம்பரும் ஒரு நாளில் முடித்துவிடும் வேலைதான் அது. அதுவரை இரவில் ஓட்டையின் மேல் தட்டையான கல்லையோ ரப்பர் மூடியையோ இறுக வைத்துவிடுங்கள்.

அடுத்து, பலர் கவனிக்காமல் விடும் இடம் வாஷ்பேசினின் அடியில் இருக்கிறது. வாஷ்பேசினிலிருந்து வரும் நெளிவுக் குழாயைத் தரையில் உள்ள ஓட்டைக்குள் சும்மா செருகி விட்டிருப்பார்கள். குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். பூரானின் உடல் தட்டையானது; அதற்கு விரல் அகலம் தேவையே இல்லை, மிகக் குறுகிய சந்து போதும். ரப்பர் வளையம் போட்டோ எம்-சீல் வைத்தோ அதை முழுவதுமாக அடைத்துவிடுங்கள். கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் காரை உதிர்ந்திருந்தால் சிமெண்ட் பூசுங்கள். வெளியே உள்ள சேம்பரின் மூடி உடைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். தெருவில் உள்ள மூடி உடைந்திருந்தாலோ கழிவுநீர் பொங்கினாலோ சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் பதிவு செய்யலாம்.

கரப்பானைக் குறைக்க, அலமாரிக் கீல்களின் இடுக்கிலும் எரிவாயு அடுப்பு மேடையின் அடியிலும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கரப்பான் ஜெல்லைப் பொட்டுப் பொட்டாக வையுங்கள். இரவில் எச்சில் பாத்திரங்களைப் போட்டு வைக்காதீர்கள். பாச்சை உருண்டையை ஓட்டையிலும் துணிகளுக்கு நடுவிலும் போட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிடுவார்கள்.


பதில்: உயிரியல் ஆசிரியை, தங்கசாலை

அடுக்களையில் நீங்கள் பார்த்த எட்டுக்கால் பூச்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். வலை பின்னாமல் சுவரில் ஓடித் திரிந்து வேட்டையாடும் பெரிய சிலந்தி அது. வெப்ப நாடுகளின் வீடுகள் எங்கும் காணப்படுகிறது. வயிற்றின் அடியில் வெள்ளை வட்டமாகத் தெரிந்தது அதன் முட்டைப்பை. கரப்பானைப் பிடித்துத் தின்பதில் அதற்கு இணையான வாடகைதாரர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அது கடிப்பதில்லை. கடித்தாலும் அந்த இடத்தில் வலிக்குமே தவிர வேறு ஆபத்து இல்லை. பார்க்க அச்சமாக இருந்தால் அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அடித்துக் கொல்ல வேண்டியதில்லை.

எட்டுக்கால் பூச்சியின் சிறுநீர் பட்டால் தோல் வெந்துவிடும் என்று நம் பக்கத்தில் உறுதியாக நம்புகிறார்கள். காலையில் எழுந்ததும் கழுத்திலோ கன்னத்திலோ கோடு இழுத்ததுபோலச் சிவந்து, கொப்புளம் எழும்பி எரிந்தால் பழி அதன்மீதுதான் விழும். உண்மையில் மழைக்காலத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது வேறொரு சிறு வண்டு. ஒரு செண்டிமீட்டருக்கும் குறைவான மெல்லிய உடல், ஆரஞ்சும் கறுப்புமாக மாறி மாறிப் பட்டைகள், எறும்பைப் போன்ற தோற்றம். மழை விட்ட இரவில் ஈசலோடு சேர்ந்து குழல்விளக்கைத் தேடி உள்ளே வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. மேலே ஊரும்போது நாம் தூக்கக் கலக்கத்தில் தேய்த்துவிட்டால், அதன் உடல்நீரில் உள்ள பெடெரின் என்ற நச்சு தோலில் படுகிறது. எரிச்சல் உடனே தெரியாமல் ஒரு நாள் கழித்துக்கூடத் தொடங்கலாம். ஆகவே அந்த வண்டு உடலில் ஊர்ந்தால் தேய்க்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் அந்த இடத்தையும் கையையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத கையால் கண்ணைத் தொட வேண்டாம். படுக்கைக்கு நேர் மேலே உள்ள விளக்கை மாலையில் அணைத்து வைப்பது எளிய தடுப்பு.

இதோடு ஒட்டிய இன்னொரு செய்தி. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள் வந்து, தொடங்கும் முன்பே அந்த இடத்தில் குத்தும் வலியும் இருந்தால் அது எந்தப் பூச்சியாலும் வந்ததன்று, அக்கி. அதைக் காணாக்கடி என்று எண்ணியோ, காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டோ நாளைக் கடத்திவிடுகிறார்கள். அக்கிக்கான மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் மிகுதி. உங்கள் மாமியாரைப் போன்ற வயதுடையவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மகளிடம் மரவட்டையையும் காட்டிக் கொடுங்கள். அது உருண்டை உடலோடு மெதுவாக நகரும், தொட்டால் சுருண்டுகொள்ளும், கடிக்காது. சில வகைகள் கசியவிடும் நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். பூரான் தட்டையாக இருக்கும், வேகமாக ஓடும். இந்த வேறுபாட்டை நான்கு வயதுக் குழந்தை நன்றாகவே கற்றுக்கொள்ளும்.


கொருக்குப்பேட்டை மருமகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் இப்போது பாட்டியோடு கட்டிலில் படுக்கிறாள். ஜாலியைத் தூக்கிப் பார்த்தோம். ஐயா சொன்னபடி டிராப் இல்லை. உரிமையாளரிடம் பேசியிருக்கிறோம், செய்து தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையில் புதிய கவலை ஒன்று. பின்கட்டை ஒட்டிய மனையில் வீடு கட்டச் செங்கல்லும் ஜல்லியும் இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் குவியலில் நேற்றுச் செந்நிறத் தேள் ஒன்றைப் பார்த்ததாக அங்கே வேலை செய்பவர் சொன்னார். விரல் நீளம்தான், சிறியது, பயப்பட வேண்டாம் என்கிறார். அப்படி இருந்துவிடலாமா?


பதில்: இரவுப்பணிச் செவிலி

இருந்துவிடக் கூடாது, சகோதரி. பூரானைப் பற்றி எழுதியபோது அரிது என்று சொன்ன என்னால் செந்தேளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. தேளில் பெரியது கொடியது, சிறியது சாது என்று நினைப்பது தவறு. கன்னங்கரேலென்று பெரிய இடுக்கிகளோடு இருக்கும் நட்டுவாக்காலியின் கொட்டு வலிக்கும். ஆனால் பொதுவாக அதோடு நின்றுவிடும். மெலிந்த இடுக்கியும் தடித்த வாலும் கொண்ட செந்தேள்தான் இந்தியாவில் குழந்தைகளின் உயிரைப் பறிக்கக்கூடியது. அதன் விஷம் நரம்புகளைத் தூண்டிவிட்டு, இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் தாறுமாறாக்கி, இறுதியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுபோகும்.

குழந்தை வீறிட்டு அழுது, காரணம் தெரியாமல் வாந்தி எடுத்து, உடல் தொப்பலாக வியர்த்து, கை கால்கள் சில்லிட்டுப் போனால் தேள் கொட்டியிருக்கலாம் என்று நினைக்க வேண்டும். கொட்டிய தடம் தெரியவில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்கத்தில் வலி குறைவாக இருந்து, பிறகு நிலைமை மோசமாவதும் உண்டு. ஆகவே குழந்தையைத் தேள் கொட்டினால் தெருமுனை மருந்தகத்தில் வலி ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். நேரே பெரிய மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் போகலாம் என்று சொல்லும்வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மகாராட்டிரத்தின் மகாட் என்ற ஊரில் பணியாற்றிய மருத்துவர் இம்மத்ராவ் பவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் என்ற மாத்திரை செந்தேள் கொட்டுக்குப் பயன்படுவதை 1980களில் கண்டறிந்து எழுதினார். அதன் பிறகு இந்த விஷத்தால் ஏற்படும் இறப்புகள் பெருமளவு குறைந்தன. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தேள் விஷத்துக்கான முறிவு மருந்தும் நம் நாட்டிலேயே தயாராகிறது. ஆனால் இவை யாவும் மருத்துவமனையில், இரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியவை; பிரசோசினை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.


பதில்: கட்டட மேற்பார்வையாளர், பெரம்பூர்

செங்கல் குவியலை உங்கள் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம் என்று அந்த மனைக்காரரிடம் இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். இடம் மாற்றிக் கொடுப்பது அவருடைய ஆட்களுக்கும் நல்லதுதான். குவியலைக் கலைக்கும் நாளில் உள்ளே இருப்பவை நாலா பக்கமும் ஓடும் என்பதால், பின்கட்டுக் கதவின் அடியில் ஈரமில்லாத கோணியை இறுக அடைத்து வைத்து, அன்றும் மறுநாளும் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கொடியில் காயும் துணி, குழந்தையின் அணைதுகில், வாசலில் கிடக்கும் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் உதறிய பிறகே பயன்படுத்துங்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச் கடைகளில் கிடைக்கிறது. தேளின் ஓடு அந்த ஒளியில் பச்சையும் நீலமும் கலந்து மின்னும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, காலில் மூடிய காலணியோடு பின்கட்டையும் குளியலறையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் படுங்கள். தென்பட்டால் நீண்ட இடுக்கியால் பிடித்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். டிராப் வைக்கக் கொத்தனார் வரும் அன்றே பின்கட்டுச் சுவரின் விரிசல்களையும் பூசச் சொல்லிவிட்டால் இரண்டு வேலையும் ஒரே கூலியில் முடிந்துவிடும்.